இரண்டு தாளிலும் அக்கா பெயர்

எங்கள் கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். பார்த்த ஆட்கள் இருந்தார்கள். கடதாசி இல்லை. எல்லாக் குழப்பமும் அதில் தொடங்கியது.

மகள் கனடாவில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் முடித்துப் போய் ஒன்பது வருஷம். புருஷன் தூரத்து லொறி ஓட்டுகிறவர். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். போன வருஷம் குழந்தை பிறந்தது. குழந்தையையும் வேலையையும் தனியாகப் பார்த்துக்கொண்டு இருந்தாள். எங்களை அங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ள அந்த நாட்டுக் குலுக்கலுக்கு முன்பே பெயர் கொடுத்திருந்தாள். நீண்ட நாளாக ஒன்றும் வரவில்லை. நாங்கள் அதை மறந்தே போனோம்.

ஒருநாள் காலையில் போன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

"அப்பா, நம்ம பேரு விழுந்துருச்சு. அறுபது நாளைக்குள்ள எல்லாப் பேப்பரும் குடுக்கணும்."

"பிந்துனா?"

"போச்சு. மறுபடி விழும்னு சொல்ல ஏலாது. மாத்தளையில ஒரு லோயரப் பாருங்க. பொறந்த பதிவு ரெண்டு பேரோடதும் வேணும். உங்க கல்யாணப் பதிவு வேணும்."

சரி என்றேன். எனக்குப் போனில் அதிகம் பேச வராது.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் ரப்பர் பால் வெட்டினேன். இப்போது மாத்தளை டவுனில் ஒரு மிளகு ஸ்டோரில் வேலை. மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் சாக்கில் வரும், சாக்கில் போகும். சாக்கு வாயைத் தைப்பது என் வேலை.

லோயர் அம்மாவின் கந்தோர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தது. அவருடைய அப்பா வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு மாத்தளைக்கு வந்தவராம். இவர் இங்கேயே படித்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் அந்தப் பக்கத்துப் பேச்சு. நான் மிஸ் என்று கூப்பிட்டேன்.

முதல் நாள் நான் தனியாகப் போனேன். குடும்ப விபரத் தாள் ஒன்று இருந்தது. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் பிறந்த தேதியோடு எழுத வேண்டும். நான் சொல்லச் சொல்ல மிஸ் எழுதினார். எனக்குக் கூடப்பிறந்தது ஒரு அக்காதான். அதற்குள் அவருக்குக் கோர்ட்டுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. என் மனைவியின் தாளை அடுத்த கிழமை அங்கே டைப் அடிக்கும் பெண் எழுதினாள். இரண்டு தாளும் ஒரே பைலில் கிடந்தன. அப்போது யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஐயா, விவாகப் பதிவு?" என்று அந்த முதல் நாள் கிளம்பும்போது மிஸ் கேட்டார்.

"அது இல்லீங்க மிஸ்."

"துலைச்சுப் போட்டீங்களோ?"

"எடுக்கவே இல்ல. தோட்டத்துக் கோயில்ல தாலி கட்டுனேன்."

மிஸ் சிரித்தார். "உங்கட பக்கத்தில கனபேர் இப்பிடித்தான். பயப்பட ஒண்டுமில்லை. இப்ப போய்ப் பதிஞ்சா சரி. ரெண்டு சாட்சியோட போங்கோ."

அந்தக் காலத்தில் எங்களில் பல பேருக்கு அடையாள அட்டையே இல்லை. பிரஜாவுரிமையும் இல்லை. கந்தோர் பக்கம் போனால் ஏதாவது கேட்பார்கள் என்று பயம். மகள் பிறந்தபோது தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் பதிவுக்கு எழுதிக் கொடுத்தார். பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் ஆம் என்று போட்டார். ஊரே பார்த்த கல்யாணம். வேறு என்ன போடுவார்?

ஸ்டோர் முதலாளியிடம் லீவு கேட்டேன். அவர் முஸ்லிம் ஆள். நாலு தலைமுறையாக மாத்தளையில் யாவாரம்.

"எதுக்கு லீவு?"

"கல்யாணம் பதியணும் மொதலாளி."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

தராசுப் பக்கம் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அல்லாஹ்வே! மாப்புள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் இல்லையே! பொண்ணு பாத்துட்டாவா?" என்றார் முதலாளி. அன்று முழுக்க ஸ்டோரில் எனக்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

பதிவுக்குப் போன நாள் என் மனைவி நீலச் சேலை கட்டினாள். தலையில் கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தாள். நான் பார்த்ததைக் கண்டு, "கோயிலுக்குப் போற வழியில வச்சேன்" என்றாள். நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

பதிவாளர் ஒரு சிங்கள அம்மா. நல்ல மாதிரி. பெயர், வயது, அப்பா பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். எனக்கு அறுபத்து மூன்று. அவளுக்கு ஐம்பத்தேழு. சேர்ந்து எத்தனை வருஷம் என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றேன். அவருக்குச் சந்தோஷம். பிறகு சிங்களத்தில், நீங்கள் முன்னமே சொந்தமா என்று கேட்டார்.

எங்கள் ஆட்களில் அக்கா மகளுக்கு முதல் உரிமை தாய்மாமனுக்குத்தான். மாமன் இருக்கும்போது அவனைக் கேட்காமல் வேறு இடத்தில் கொடுத்தால் சண்டை வரும். யாரும் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற விஷயம் அது. நானும் அப்படித்தான் சொன்னேன்.

"மகே அக்காகே துவ" என்றேன். என் அக்காவின் மகள்.

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். கூடப்பிறந்த அக்காவா என்று கேட்டார். அவர் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். ஆமாம், ஒரே தாய், ஒரே தகப்பன் என்று இன்னும் உறுதியாகச் சொன்னேன்.

அவர் எழுதிய தாளை மெதுவாக மடித்தார். இதைப் பதிய முடியாது என்றார். மாமா மகளைப் பதியலாம், அத்தை மகளைப் பதியலாம், அக்கா மகளைப் பதிய இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை என்றார்.

"கட்டியாச்சுன்னு சொல்லுங்க. புள்ளையும் பெத்தாச்சுன்னு சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

சொன்னேன். பதிவாளர் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். வருஷம் கூடினாலும் சட்டம் அதேதான் என்றார். சாட்சிக்கு வந்த இரண்டு பேரும் வாசலில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். முடிஞ்சுதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன்.

பஸ் நிலையத்தில் அவள் கேட்டாள். "நீங்க ஏன் மாமா சொன்னீங்க?"

"கேட்டாங்க. சொன்னேன்."

அவள் என்னைச் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அதேதான்.

மறுநாள் இரண்டு பேரும் மிஸ்ஸிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். மிஸ் பைலை எடுத்தார். என் தாளை மேசையில் வைத்தார். அவள் தாளை அதற்குப் பக்கத்தில் வைத்தார். என் தாளில் சகோதரி என்ற இடத்தில் அக்கா பெயர். அவள் தாளில் தாய் என்ற இடத்தில் அக்கா பெயர். ஒரே பெயர், ஒரே தேதி.

"உங்கட சொந்த அக்கான்ர மகளையோ கட்டினனீங்கள்?"

"ஆமாங்க மிஸ்."

"கடவுளே" என்றார் மிஸ்.

என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "உங்க பக்கத்துல தாய்மாமன கட்டிக்க மாட்டாங்களா?"

"மாமான்ர மகனைக் கட்டுவினம் அம்மா. மாமாவைக் கட்ட மாட்டினம்."

"அப்போ மாமனுக்கு யார குடுப்பீங்க?"

டைப் அடிக்கும் பெண் திரும்பிச் சிரித்தாள்.

"என் தாள்ல இருந்து அக்கா பேர எடுத்துறலாமா மிஸ்?" என்று நான் கேட்டேன்.

"அக்காவையே இல்லையெண்டு எழுதச் சொல்லுறியளோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

ஸ்டோரில் முதலாளியிடம் சொன்னேன். முதலில் அவரும், "எங்கட மார்க்கத்துல அது ஆகாதே" என்றார். பிறகு மனசு கேட்காமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கலேவெலப் பக்கம் போய்ப் பதிங்க. அங்க உங்கள யாருக்குத் தெரியும்? சொந்தமான்னு கேட்டா இல்லேன்டு சொல்லுங்க. ஒரு சொல்லுதானே."

மிஸ்ஸிடம் அதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. "அந்தப் பதிவு செல்லாது ஐயா. இந்த ரெண்டு தாளையும் கனடாவில ஒராள் பக்கத்தில வைக்க ஒரு நிமிஷம் காணும். பொய் எண்டு கண்டுபிடிச்சா அஞ்சு வருஷத்துக்கு வழியை அடைச்சுப்போடுவினம். உங்கட மகளின்ர பேரும் கெட்டுப்போகும்."

அதோடு கலேவெல முடிந்தது. அதற்குள் முப்பது நாள் போய்விட்டது.

பிறகு ஒருநாள் மிஸ் எங்களை வரச் சொன்னார். மகள் அங்கே வைத்திருக்கிற லோயரோடு பேசியிருக்கிறார். முகம் நன்றாக இருந்தது.

"ஐயா, அந்த நாட்டில மாமன் மருமகளைக் கட்டத் தடை இல்லையாம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்போ சரிதானே மிஸ்?"

"இல்லை. கலியாணம் எந்த நாட்டில நடந்ததோ அந்த நாட்டில அது செல்லவேணும். இங்க செல்லாது. அதால அங்கயும் செல்லாது."

"அங்க போயி கட்டியிருந்தா?"

"செல்லும்."

"இங்க கட்டுனதுனால செல்லாது."

"ஓம்."

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவை சொன்னார். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்தது. புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

"ஆனா வழி இருக்கு" என்றார் மிஸ். "கலியாணம் முடிக்காமல் ஒண்டாய் இருக்கிற சோடிகளையும் அங்க குடும்பமாய் எடுப்பினம். ஒரு வருஷம் சேர்ந்து இருந்தாலே போதும்."

"நாங்க முப்பத்தெட்டு."

"அதைத்தான் சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் ஒரு சத்தியக் கடதாசியில ஒப்பம் வைக்கவேணும். உங்களை மகளின்ர தகப்பன் எண்டும், அம்மாவை உங்களோட சேர்ந்து வாழுறவா எண்டும் போடுவம்."

கடதாசியைத் தமிழில் வாசித்துக் காட்டினார். நாங்கள் சட்டப்படி விவாகம் செய்துகொள்ளாதவர்கள். ஆனால் கணவன் மனைவி போன்று ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வருகிறோம். இப்படித் தொடங்கியது.

என் மனைவி எழுந்து நின்றாள்.

"போன்று?" என்றாள்.

மிஸ் அவளைப் பார்த்தார்.

"நான் என்ன வச்சுக்கிட்டவளா மிஸ்?"

"ஐயோ அம்மா, அப்பிடி இல்லை. இது சட்டத்துக்கு எழுதுற கதை."

"எழுதியிருக்கிறது அப்படித்தானே இருக்கு."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். எனக்குப் பின்னால் போவதா, இருப்பதா என்று தெரியவில்லை. போங்கோ என்று மிஸ் கையைக் காட்டினார். போனேன்.

வீட்டில் அவள் சண்டை பிடிக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், சோறு போட்டாள். மாமா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். "இந்தா", "சாப்புடுங்க" என்று மொட்டையாகச் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மகள் தினமும் போன் எடுத்தாள். போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டிவைத்தால் எனக்கும் கேட்கும்.

"அம்மா, அது வெறும் பேப்பரும்மா."

"வெறும் பேப்பர்னா எதுக்குக் கேக்குறாங்க?"

"இங்க எத்தனையோ பேரு அப்படித்தான் இருக்காங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"அவங்க கட்டாம இருக்காங்க. நான் கட்டிக்கிட்டு இருக்கேன். ரெண்டும் ஒண்ணா?"

"எனக்கு மட்டும் என்ன பேரும்மா? நான் இங்க வரும்போது என் பாரத்துல அம்மா அப்பா கல்யாணம் முடிச்சவங்கன்னு எழுதிக் குடுத்தேன். இப்ப அதையும் விளக்கி எழுதச் சொல்றாங்க. என்னத்த எழுதுறது? என் அப்பா யாரு, என் அம்மா யாரு?"

"ஒன் அப்பன் என் மாமன். இதுல வெளங்காதது என்னடி இருக்கு?"

மகள் அந்தப் பக்கம் அழுதாள். குழந்தையும் அழுதது. இவள் போனை என் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகப் பட்டது. அதுதான் எனக்குச் சங்கடம். சட்டப்படி அவள் என் மனைவி இல்லை. அப்படியானால் என் அக்கா மகள் மட்டும். அக்கா மகளோடு முப்பத்தெட்டு வருஷம் நான் என்னவாக இருந்தேன்? ஒரு நாட்டில் குற்றம் மாதிரி, ஒரு நாட்டில் சரி மாதிரி. நான் எந்த நாட்டிலும் ஒரே ஆள்தான். இதை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. சாக்குத் தைக்கும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்து, பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு சாக்கின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். முதலாளி வந்து பார்த்தார்.

"மாப்புள்ள, இதையும் பதியணுமா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தையலைப் பிரித்தேன்.

இருபது நாள் மிச்சம் இருக்கும்போது அவளாகச் சொன்னாள். "அம்மாகிட்ட போகணும்."

அக்கா வில்கமுவவில் தன் சின்ன மகனோடு இருக்கிறாள். அவன் அங்கே வயல் செய்கிறான். மாத்தளையிலிருந்து இரண்டு பஸ். இரண்டாவது பஸ் எப்போது வரும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. காத்திருந்து பார்த்துவிட்டு, நெல் ஏற்றிய ஒரு ட்ரக்டரில் போனோம். அவள் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள்.

அக்காவுக்கு எழுபத்தெட்டு. முற்றத்தில் காய்ந்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும், "என்னா, ரெண்டு பேரும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்றீங்க? பிளேன் போயிருச்சா?" என்றாள்.

என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். பதிவாளர் அம்மா, மிஸ், கனடாச் சட்டம், சத்தியக் கடதாசி. அக்கா கிளறுவதை நிறுத்தவில்லை.

"கட்டிக் குடுத்தவ நான்" என்றாள் கடைசியில். "என்னைய ஒருத்தரும் கேக்கலயே."

"கையெழுத்துப் போட்டா நான் கட்டாதவன்னு ஆயிரும்மா."

"அந்தக் கடுதாசியில கட்டுனத எழுதியிருக்கா?"

"இல்ல."

"கட்டுனதையே எழுதாம செல்லாதுன்னு எப்படி எழுதுவாங்க? எது செல்லாது? மொதல்ல கட்டுனத எழுதச் சொல்லு. பெறகு செல்லாதுன்னு எழுதிக்கிறட்டும். அது கவுருமெண்டு பேச்சு. நமக்கென்ன?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய் தம்பி, ஒனக்கு அப்பவே சொன்னேன், வெளியில பொண்ணு எடுப்போம்னு. எலக்கடுவையில ஒருத்தி இருந்தா. அவள கட்டியிருந்தா இந்நேரம் கனடாவுல இருந்திருப்ப."

"அம்மா!" என்றாள் என் மனைவி.

"என்னாடி அம்மா? மாமன் எனக்குத்தான்னு மூணு நாளு சோறு திங்காம கெடந்தவ நீதானே?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை. எனக்கு அந்த மூன்று நாள் கதை தெரியாது. என்னை யாரும் கேட்காமல் கட்டிவைத்தார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்காவும் எங்களோடு பஸ் ஏறினாள்.

மிஸ்ஸின் கந்தோர்ப் படியில் அக்கா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். மிஸ் எழுந்து வந்து கதிரை போட்டார். அதற்கு முன் நாங்கள் கொடுத்திருந்த மற்ற அத்தாட்சிகள் மேசையில் இருந்தன. சேர்ந்து இருக்கிறோம் என்று காட்டக் கேட்டவை. மிஸ் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"கிராம சேவகர் மனைவி எண்டு எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரி கிளினிக் கொப்பியில மனைவி. மரணாதார சங்கத்தில மனைவி. சேர்ந்து இருக்கிறதுக்கு அத்தாட்சி கேட்டால் எல்லாரும் மனைவி எண்டு எழுதிப்போட்டினம்."

"பின்ன எப்படி எழுதுவாங்க?" என்றாள் அக்கா.

"சரி, இருக்கட்டும். அதுக்கும் ஒரு விளக்கம் எழுதுவம்." மிஸ் என் மனைவியைப் பார்த்தார். "அம்மா, என்ன முடிவு?"

"கல்யாணம் நடந்தத மொதல்ல எழுதுங்க மிஸ். நான் சொல்றேன். பெறகு உங்க வரிய கடைசியில போடுங்க."

"விபரம் எல்லாம் அங்க தேவையில்லை அம்மா."

"எனக்குத் தேவை."

மிஸ் கொஞ்சம் யோசித்தார். பிறகு டைப் அடிக்கும் பெண்ணைப் பார்த்து, "அடியும்" என்றார்.

அவள் சொன்னாள். தை மாதம். தோட்டத்து மாரியம்மன் கோயில். காலையில் மழை. தப்பு அடிக்கிறவர்கள் மழையில் நனைந்து, தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டு நின்றதால் நேரம் பிந்தியது. தாலி அம்மாவின் தோட்டை உருக்கிச் செய்தது. தாலியை எடுத்துக் கொடுத்தது பூசாரி. கட்டியது மாமா. மூன்றாவது முடிச்சை மாமாவின் அக்கா போட்டாள்.

"மாமான்ர அக்கா எண்டா?" என்று கேட்டாள் டைப் அடிக்கும் பெண்.

"அம்மாதான்" என்றாள் என் மனைவி.

"நாத்தனார் முடிச்சு" என்றாள் அக்கா. "மாப்புள்ளைக்கு அக்கா தங்கச்சிதானே போடணும். இவனுக்கு வேற யாரு இருக்கா? பொண்ணுக்கு அம்மாவா ஒரு கண்ணுல தண்ணி, மாப்புள்ளைக்கு அக்காவா ஒரு கையில முடிச்சு. அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

மிஸ் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. லயத்து வீடுகளிலிருந்து யார் யார் வந்தார்கள், பந்தியில் சாம்பார் வாளி கவிழ்ந்தது, தோட்டத்துத் துரை கல்யாணத்துக்கு ஒருநாள் லீவு கொடுத்தது, எல்லாம் ஏறியது. ஒன்றரைப் பக்கம் வந்தது.

கடைசியில் மிஸ் தன் வரியைச் சொன்னார். மேற்சொன்ன சடங்கின் மூலம் நாங்கள் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்று வாழ்ந்து வருகிறோம். எங்கள் உறவுமுறை காரணமாக இவ்விவாகம் இலங்கைச் சட்டப்படி செல்லுபடியாகாது என்பதை அறிவோம். ஆகையால் விவாகம் செய்யாது சேர்ந்து வாழ்பவர்களாக எங்களை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

"இப்ப 'போன்று' இல்லை அம்மா" என்றார் மிஸ்.

என் மனைவி தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்க நேரம் எடுக்கும். கீழே கோர்ட் வாசலில் யாரோ பெயர் கூப்பிட்டார்கள். வாசித்து முடித்துவிட்டு, அவள் பேனாவைக் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நானும் எழுதினேன்.

அக்கா சாட்சி. பெருவிரலை மையில் வைத்தாள்.

"அம்மா, நீங்கள் இவைக்கு என்ன முறை எண்டு போடவேணும்" என்றார் மிஸ்.

"அவனுக்கு அக்கா. அவளுக்கு அம்மா. இவங்க மகளுக்கு அம்மாயி, அத்தையும்தான். எது வேணுமோ அத எழுதிக்கங்க."

டைப் அடிக்கும் பெண் மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் என் பழைய தாளையும் என் மனைவியின் தாளையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல் ரெண்டையும் அடியும்" என்றார்.

கிளம்பும்போது என் மனைவி திரும்பி நின்றாள். "மிஸ், அந்தக் கடுதாசியில ஒரு கொப்பி எனக்கு வேணும்."

"உங்களுக்கோ? மகள்தானே வச்சிருப்பா."

"எனக்கு வேணும்."

மிஸ் கொப்பி எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அக்காவுக்குத் தலை சுற்றியது. "மாமா, அம்மாவ ஜன்னல் பக்கம் உக்கார வைங்க" என்றாள் அவள். நான் எழுந்து இடம் மாறினேன். அவள் சொன்னதை நான் கவனித்தேன். சொன்னதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடதாசிகள் போய்ச் சேர்ந்தபோது எட்டு நாள் மிச்சம் இருந்தது. கிடைத்ததாக அங்கிருந்து பதில் வந்தது என்று மகள் சொன்னாள். முடிவு வர இன்னும் காலம் எடுக்குமாம். அவர்கள் ஏதாவது கேட்டால் மிஸ் சொல்லுவார். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தாளையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கொப்பி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. நீலச் சேலைக்குக் கீழே, பிளாஸ்டிக் உறையில். அவள் இல்லாத நேரம் ஒருநாள் எடுத்து வாசித்தேன். மெதுவாகத்தான் வாசிக்க வரும். எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது. அழைப்புக் கடதாசி கிடையாது. எழுத்தில் இருப்பது இது ஒன்றுதான். மழை இருக்கிறது, தப்பு இருக்கிறது, அக்கா போட்ட முடிச்சு இருக்கிறது. வாசித்துக்கொண்டே வந்தால் கல்யாணம் நன்றாக நடக்கிறது. கடைசி வரிக்கு வந்தால் நடக்கவில்லை.

நான் இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தேன். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.